மேகத்தைக் கண்டால் தூர விலகு

சென்னைவாசிகள் 2024-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதியை இலேசில் மறந்திருக்க மாட்டார்கள். 'ஃபெஞ்சல்' என்று நாமகரணம் செய்யப்பட்ட புயல் அன்று கரையை நெருங்கிக் கொண்டிருந்தது. வீதிகளில் வெள்ளம், மீனம்பாக்கம் விமான நிலையமும் பல மணி நேரம் மூடிக் கிடந்தது. அன்றைய தினம் மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் ஒன்று அங்கே இறங்க முயன்ற காட்சியை யாரோ படம் பிடித்தார்கள். அந்தப் படம் வெகு சீக்கிரத்தில் கைபேசிகளின் வழியாக வீடுதோறும் வந்து சேர்ந்தது. காற்றிலும் மழையிலும் விமானம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஓடுபாதையைத் தொட்டு விடும் போலத் தாழ்கிறது. மறு கணம் மூக்கை நிமிர்த்திக் கொண்டு மேலே ஏறிப் போய் விடுகிறது. விமானத்துக்குச் சேதமில்லை, உள்ளே இருந்தவர்களுக்கும் ஆபத்தில்லை.

படத்தைப் பார்த்தவர்கள் சொன்ன அபிப்பிராயங்கள்தான் நம்மைச் சிந்திக்க வைத்தன. "விமானி ஏதோ பிசகு செய்துவிட்டு, எப்படியோ சமாளித்துக் கொண்டார்" என்றார் ஒருவர். "கெட்டிக்கார விமானியாயிருந்தால் இறக்கியே இருப்பார்" என்றார் மற்றொருவர். இரண்டுமே உண்மைக்கு வெகு தூரம். இறங்குவது சரிப்படாது என்று தோன்றிய மாத்திரத்தில் மேலே ஏறி விடுவது விமானிகள் ஓயாமல் பழகும் பாடம். தரையில் அமைத்த மாதிரி விமானத்தில் அவர்களை உட்கார வைத்து, வருஷந்தோறும் இதைச் செய்து காட்டச் சொல்லிப் பரீட்சிக்கிறார்கள். அன்று சென்னையில் நாம் பார்த்தது அந்தப் பாடம் சரிவர ஒப்பிக்கப்பட்டதைத்தான்.

நம் கதைகளிலும் சினிமாக்களிலும் வீரன் என்பவன் புயலுக்குள் புகுந்து புறப்படுகிறவன். பிரயாணி விமானம் ஓட்டும் தொழிலில் அத்தகைய வீரனுக்கு வேலை கொடுக்க மாட்டார்கள். 'துஷ்டனைக் கண்டால் தூர விலகு' என்று நம் பாட்டிமார் சொல்லி வந்த வாக்கியத்தில் 'துஷ்டன்' என்னும் பதத்தை எடுத்துவிட்டு 'இடிமேகம்' என்று போட்டால், அத்தொழிலின் முதல் சூத்திரம் கிடைத்து விடும். கேட்பதற்கு எளிய விஷயம். ஆனால் இந்த விவேகம் சும்மா வந்ததல்ல. எத்தனையோ உயிர்களை விலையாகக் கொடுத்து வாங்கியது.

இடிமேகம் என்பது என்ன? கீழேயிருந்து பார்க்கும் நமக்கு அது கறுத்த பஞ்சுப் பொதி. உண்மையிலோ அது ஒரு மாபெரும் யந்திரம். வெயிலில் காய்ந்த தரையிலிருந்து ஈரமும் சூடுமான காற்று மேலே கிளம்புகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளிகளாக மாறுகிறது. ஆவி நீராகும்போது அதில் மறைந்திருந்த உஷ்ணம் வெளிப்பட்டு, காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. அடுப்பு தன் விறகைத் தானே தேடிக் கொள்வது போல! நம்முடைய உஷ்ணப் பிரதேசங்களில் இம்மேகங்கள் 50,000 அடிக்கு மேலும் வளர்வதுண்டு. பிரயாணி விமானங்கள் பறப்பதோ பெரும்பாலும் 30,000 அடிக்கும் 40,000 அடிக்கும் இடையில். ஆகையால் தலைக்கு மேல் தாவிப் போய் விடலாம் என்று எண்ண இடமில்லை.

அந்த யந்திரத்தின் உள்ளே நடப்பதை மனிதர்கள் முறையாகத் தெரிந்து கொண்டது இரண்டாவது மகா யுத்தம் முடிந்த பிறகுதான். அமெரிக்காவில் 1946-ல் ஃப்ளாரிடாவிலும் 1947-ல் ஒஹாயோவிலும் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹொரேஸ் பையர்ஸ் என்னும் வானிலை சாஸ்திரி அதற்குத் தலைவர். யுத்தத்தில் இரவுச் சண்டைக்கென்று கட்டிய விமானங்கள் அவருக்குக் கிடைத்தன. 'கறுப்பு விதவை' என்பது அவற்றின் பெயர். ஒரு விஷச் சிலந்தியின் பெயர் அது. ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து மட்டங்களில் அணிவகுத்து, அவை ஒரே மேகத்துக்குள் புகுந்து மறுபுறம் வெளிவந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை இப்படி ஊடுருவினார்கள். விமானிகளுக்கு இட்ட கட்டளை விசித்திரமானது. மேகம் தூக்கினால் தூக்கட்டும், அமுக்கினால் அமுக்கட்டும். உயரத்தைக் காப்பாற்றுவதற்காகப் போராட வேண்டாம். விமானத்தை மட்டும் சமநிலையில் வைத்துக் கொண்டு போங்கள் என்பதே அக்கட்டளை. தூக்கலும் அமுக்கலும் எவ்வளவு என்று அளந்து பார்ப்பதற்காக அப்படிச் சொன்னார்கள். இந்தக் கட்டளையை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

இடிமேகத்துக்கும் பால்யம், யௌவனம், முதுமை என்ற மூன்று பருவங்கள் உண்டு என்பது அந்த ஆராய்ச்சியின் முடிவு. பால்யத்தில் காற்று மேல்நோக்கி மட்டும் பாய்கிறது. முதுமையில் கீழ்நோக்கி மட்டும் இறங்கி ஓய்கிறது. இடையிலுள்ள யௌவனத்தில்தான் விபரீதம். மேலே போகும் காற்றும் கீழே விழும் காற்றும் அக்கம் பக்கமாக நின்று மல்லுக்கட்டுகின்றன. மூன்று பருவமும் சேர்ந்து சாதாரணமாக ஒரு மணி நேரந்தான். ஆகவே, விமான நிலையத்துக்கு மேலே வட்டமிட்டுக் கொண்டு, "இன்னும் அரை மணி காத்திருக்கிறோம்" என்று காப்டன் அறிவிக்கும்போது, அவர் ஒரு மேகம் கிழவனாவதற்குக் காத்திருக்கிறார் என்று அர்த்தம். பிரயாணிகளில் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்பார்கள்.

அதே 1947-ஆம் வருஷத்தில், உலகத்தின் மறுபுறத்தில், ஜப்பான் தேசத்தில் ஓர் உபாத்தியாயர் இதே விஷயத்தைத் தன்னந்தனியாகக் கண்டுபிடித்தார். அவர் பெயர் டெட்சுயா ஃபுஜிடா. கோகுரா நகரத்துக்குச் சமீபத்திலிருந்த ஒரு கல்லூரியில் அவர் வேலை பார்த்து வந்தார். 1945 ஆகஸ்டு 9-ந் தேதி இரண்டாவது அணுகுண்டு விழ வேண்டியிருந்தது அந்தக் கோகுராவில்தான். மேகமும் புகையும் ஊரை மறைத்திருந்தபடியால் விமானம் நாகசாகிக்குப் போயிற்று. பிற்பாடு குண்டு விழுந்த ஊர்களைப் பார்வையிடச் சென்றபோது, வெடிப்புக்கு நேர் கீழே இருந்த இடத்திலிருந்து நாலா திசையிலும் மரங்கள் நட்சத்திர வடிவில் சாய்ந்து கிடந்ததை ஃபுஜிடா மனத்தில் பதித்துக் கொண்டார். இரண்டு வருஷத்துக்கெல்லாம் ஒரு மலைமேல் வானிலை நிலையத்தில் இருந்து ஓர் இடிமழையை ஆராய்ந்து, மேகத்திலிருந்து கீழ்நோக்கிப் பாயும் காற்று உண்டு என்று எழுதினார். அந்த மலையிலிருந்த அமெரிக்க ராடார் நிலையத்தின் குப்பையில் கிடைத்த ஒரு கட்டுரை பையர்ஸ் எழுதியது. ஃபுஜிடா தம் ஆராய்ச்சியை அவருக்கு அனுப்பி வைத்தார். 1953-ல் சிகாகோவுக்கு வரும்படி அவருக்கு அழைப்பு வந்தது. குப்பையில் போன காகிதத்தால் இவ்வளவு நன்மை விளைந்தது வேறெங்கும் உண்டோ என்னவோ, நாம் அறியோம்.

1975 ஜூன் 24-ந் தேதி நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு அருகே இடிமழை. இறங்கிக் கொண்டிருந்த சரக்கு விமானம் ஒன்றின் காப்டன், தரைக்குச் சமீபத்தில் காற்று மிக மோசமாக இருப்பதாகவும் ஓடுபாதையை மாற்றும்படியும் சொன்னார். அவருக்குப் பின்னால் வந்த ஈஸ்டர்ன் கம்பெனியின் விமானம் ஒன்று இறங்க முயன்று, முடியாமல் மேலே ஏறிப் போய் விட்டது. அதே கம்பெனியின் 66-ஆம் நம்பர் விமானம் அதற்கும் பின்னால் வந்தது. முன்னால் போனவர்கள் சொன்னது அவர்கள் காதிலும் விழுந்தது. ஆயினும் இறங்கலானார்கள். ஓடுபாதைக்குச் சற்று முன்னாலிருந்த விளக்குக் கம்பங்களில் மோதி விமானம் சிதறியது. 124 பேரில் 113 பேர் மாண்டனர்.

சில விமானங்கள் தப்பி, ஒன்று மட்டும் விழுவானேன்? ஃபுஜிடாவை ஆராயச் சொன்னார்கள். அவருக்கு நாகசாகியின் மரங்கள் ஞாபகத்துக்கு வந்தன. குடத்துத் தண்ணீரை முற்றத்தில் கவிழ்த்தால் அது தரையில் மோதி நாலாபுறமும் சிதறுகிறது அல்லவா? அதைப் போலவே மேகத்தின் ஒரு சிறு பகுதியிலிருந்து குளிர்ந்த காற்று குபீரென்று கீழே கொட்டி, தரையில் பட்டுச் சுற்றிலும் சிதறுகிறது என்றார். சில மைல் அகலத்துக்குள், சில நிமிஷங்களுக்குள் முடிந்து விடும் காரியம். அதற்குள் அகப்பட்ட விமானத்தின் கதியைப் பாருங்கள். முதலில் எதிர்க்காற்று பலமாக வீசி விமானத்தைத் தூக்குகிறது. விமானி விசையைக் குறைக்கிறார். நடுவில் காற்று கீழே அமுக்குகிறது. அதைத் தாண்டியதும் எதிர்க்காற்றே பின்காற்றாக மாறி, இறக்கைகளுக்கு வேண்டிய வேகத்தைப் பறித்துக் கொள்கிறது. முதலில் நண்பனைப் போல் கை கொடுத்துவிட்டுப் பின்னால் காலை வாரி விடும் காற்று அது. சக விஞ்ஞானிகள் பலர் முதலில் இதை ஒப்புக் கொள்ளவில்லை. 1978-ல் சிகாகோவுக்கு அருகே ராடார் கருவிகளை வைத்துக் கொண்டு தேடியபோது, ஒரே பருவத்தில் இத்தகைய கீழ்வீச்சுகள் ஐம்பது வரையில் அகப்பட்டன. அப்புறமும் 1985-ல் டல்லாஸ் நகரில் ஒரு பெரிய விமானம் இதே விதமாக விழுந்து 137 உயிர்கள் போன பிறகுதான் சட்டங்கள் பிறந்தன, கருவிகள் வந்தன. இன்று இறங்கும் விமானத்துக்கு முன்னால் இந்தக் காற்று இருந்தால், கருவி வாய்விட்டு எச்சரிக்கிறது. விமானிகள் எஞ்சின்களுக்கு முழு விசை கொடுத்து, மூக்கை உயர்த்தி, சக்கரங்களையும் இறக்கை மடல்களையும் தொடாமல் அப்படியே மேலே ஏறி விட வேண்டும். 1975-ல் ஏறிப் போனவர்கள் பிழைத்தார்கள். அன்று அவர்களுக்கு இந்தக் காற்றின் பெயர் கூடத் தெரியாது.

இது தரைக்கு அருகிலுள்ள அபாயம். மேலே, முப்பதாயிரம் அடியில், விலகுவது எப்படி என்பதைப் பார்ப்போம்.

ராடார் இல்லாத காலத்தில் கண்தான் ராடார். ஜே. ஆர். டி. டாடா 1932 அக்டோபர் 15-ந் தேதி கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தில் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் அதைச் சென்னைக்கு எடுத்து வந்தார். அந்தத் தபால் சர்வீசுக்கு பம்பாயில் இறங்குமிடம் ஜுஹுவில் கடலோரச் சேற்று நிலம். மழைக்காலம் வந்ததும் அந்த இடத்தில் தண்ணீர் நிறைந்து விடும். சர்வீசையே புனாவுக்கு மாற்றிக் கொள்வார்கள். மழையோடு வழக்காடாமல் ஊரையே மாற்றிக் கொண்டது அந்தக் காலத்து விலகல்!

இப்போது விமானத்தின் மூக்குக்குள்ளேயே ராடார் இருக்கிறது. அது அனுப்பும் அலைகள் மழைத்துளிகளில் பட்டுத் திரும்பி வந்து, விமானிக்கு முன்னால் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோலம் போடுகின்றன. சிவந்த இடத்திலிருந்து 20 மைலாவது விலகிப் போக வேண்டும் என்பது சம்பிரதாயம். இருபது மைல் என்பது பெரிய தூரமாகத் தோன்றலாம். நிமிஷத்துக்கு எட்டு ஒன்பது மைல் பறக்கும் விமானத்துக்கு அது இரண்டரை நிமிஷப் பிரயாணம். ஆகவே நூறு மைலுக்கு முன்னாலேயே யோசித்து, தரையிலுள்ள கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அனுமதி கேட்டு, மெதுவாக ஒதுங்குகிறார்கள். அதற்காகும் எண்ணெயையும் கணக்குப் பார்த்துப் புறப்படும்போதே நிரப்பிக் கொள்கிறார்கள். உள்ளே பிரயாணிகள் தூங்குகிறார்கள். நல்ல விமானியின் சாமர்த்தியம் யாருக்கும் தெரியாமல் போவதே அதன் இலட்சணம்.

ஆனால் ராடாரை முற்றிலும் நம்பிவிடவும் கூடாது. மழை மிகக் கடுமையாயிருந்தால் அலைகள் முன்வரிசையிலேயே தேய்ந்து போய், அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லாதது போலத் திரையில் வெளி தெரியும். 1977 ஏப்ரல் 4-ந் தேதி அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் சதர்ன் ஏர்வேஸ் விமானம் ஒன்று இப்படித்தான் மேகத்துக்குள் சிக்கியது. மழையும் ஆலங்கட்டியும் தாக்கி இரண்டு எஞ்சின்களும் நின்று போயின. நெடுஞ்சாலை ஒன்றில் இறக்கிப் பார்த்தார்கள். தரையில் இருந்தவர்கள் ஒன்பது பேர் உட்பட 72 பேர் இறந்தார்கள்.

இதே மாதிரி சங்கடத்தில் அகப்பட்டும் ஒருவர்கூடச் சாகாமல் தப்பிய கதையும் உண்டு. 1988 மே 24-ந் தேதி பெலீஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு வந்த டாகா கம்பெனி விமானத்தின் இரண்டு எஞ்சின்களையும் மழையும் ஆலங்கட்டியும் அணைத்து விட்டன. காப்டன் கார்லோஸ் டார்டானோ, எல் ஸால்வடாரில் துப்பாக்கிக் குண்டு பட்டு ஒரு கண்ணை இழந்தவர். எஞ்சினில்லாத அந்த விமானத்தை அவர் கால்வாயோரப் புல் கரை ஒன்றில், எவருக்கும் உயிர்ச்சேதமின்றி, 45 பேரோடு இறக்கி வைத்தார். எஞ்சினை மாற்றிய பிறகு பக்கத்திலிருந்த சாலையிலிருந்தே அதைக் கிளப்பிக் கொண்டு போனார்கள். அதைவிட முக்கியம், ஆலங்கட்டியை ஒதுக்கித் தள்ளும்படி அந்த ரக எஞ்சின்களின் முன்புறத்தையே அப்புறம் மாற்றி அமைத்தார்கள்.

விலகியும் முடியாமல் உள்ளே அகப்பட்டுக் கொண்டால்? அப்போது பழைய கட்டளைதான்.

1963 பிப்ரவரி 12-ந் தேதி, மயாமியிலிருந்து கிளம்பிய ஜெட் விமானம் ஒன்று இடிமேகங்களுக்கிடையே ஏறிக் கொண்டிருந்தது. காற்று அதைக் குபீரென்று மேலே தூக்கியது. அதைத் தடுக்க மூக்கு கீழே அழுத்தப்பட்டது. அடுத்த கணம் காற்று திசை மாறிற்று. விமானம் தலைகுப்புறப் பாய்ந்து, நடுவானத்தில் பிளந்து விழுந்தது. 43 பேர் மாண்டார்கள். அக்காலத்தில் ஜெட் விமானங்கள் புதியவை. இது போன்ற சம்பவங்கள் சிலவற்றை ஆராய்ந்தவர்கள் கண்டது யாதெனில், விமானத்தைக் கெடுத்தது காற்று மட்டுமல்ல. காற்றோடு விமானி ஆடிய பதில் ஆட்டமும் சேர்ந்துதான். உயரம் காட்டும் முள்ளும் வேகம் காட்டும் முள்ளும் கொந்தளிப்பில் பேயாடும். அவற்றைத் துரத்திக் கொண்டு போகாதே. மூக்கு எவ்வளவு உயர்ந்திருக்கிறது, இறக்கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவியை மட்டும் பார். விசையை ஒரு நிதானத்தில் வைத்துவிடு. ஆயிரம் அடி ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை. இவ்வாறு விதி செய்தார்கள். பையர்ஸின் விமானிகள் அளவெடுப்பதற்காகச் செய்தது உயிர் காக்கும் சூத்திரமாயிற்று. 'பதறாத காரியம் சிதறாது' என்பதை இவ்வளவு நேரான அர்த்தத்தில் வேறெந்தத் தொழிலிலும் நாம் கண்டதில்லை. கையில் பிடி இருக்கும்போது அதைத் திருப்பாமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பிரம்பு வைத்திருந்த பழைய காலத்து உபாத்தியாயர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பதறினால் என்ன ஆகும் என்பதற்கு 2009 ஜூன் 1-ந் தேதி சாட்சி. ரியோ டி ஜனீரோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு மேலே மேகக் கூட்டத்தினிடையே சென்றது. வேகத்தை அளக்கும் குழாய்களை நுண்ணிய பனிக்கட்டிகள் சிறிது நேரம் அடைத்தன. வேகம் தெரியவில்லை; தானே ஓட்டும் கருவியும் விலகிக் கொண்டது. அப்போது ஓட்டியவர் மூக்கையும் விசையையும் இருந்தபடியே வைத்திருந்தால் போதும். குழாய்கள் ஒரு நிமிஷத்தில் சரியாகி விட்டன. அவரோ பிடியைப் பின்னால் இழுத்தார். விமானம் 38,000 அடிக்கு ஏறி, வேகமிழந்து, இறக்கைகளில் பிடிமானம் இல்லாமல், மூன்றரை நிமிஷத்தில் கடலில் விழுந்தது. 228 பேர். அதன் சிதைவுகளைக் கடலடியில் கண்டுபிடிக்க ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆயிற்று. அன்று இரவு அதே பாதையில் போன வேறு விமானங்கள் அந்த மேகங்களைச் சுற்றிக் கொண்டு போயின.

நம் நாட்டிலேயே சமீபத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2025 மே 21-ந் தேதி டில்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு இருநூறுக்கு மேற்பட்ட பிரயாணிகளுடன் போன இண்டிகோ விமானம், பதான்கோட்டுக்கு அருகே எதிரே இடிமேகத்தைக் கண்டது. இடப்பக்கம் விலகலாம் என்றால் அந்தப் பக்கம் சர்வதேச எல்லை. அனுமதி கேட்டார்கள், நம் பக்கத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தில் கிடைக்கவில்லை. லாகூரைக் கேட்டார்கள்; அங்கும் மறுத்து விட்டார்கள். இரண்டு தேசங்களும் ஒன்றின் வான்வழியை ஒன்றுக்கு அடைத்திருந்த சமயம் அது. திரும்பி விடலாமென்று யோசித்ததற்குள் மேகம் மிக அருகில் வந்து விட்டது. மனிதர்கள் போட்ட கோடு மேகத்துக்குத் தெரியாது; விமானிக்கோ அதை மீற முடியாது. மிகக் குறுகிய வழியாக ஸ்ரீநகரை நோக்கியே போவதென்று தீர்மானித்தார்கள்.

உள்ளே ஆலங்கட்டி மழை. தானே ஓட்டும் கருவி விட்டு விட்டது. வேகம் மிதமிஞ்சியது என்றும், போதாது என்றும் மாறி மாறி எச்சரிக்கைகள். ஒரு சமயம் நிமிஷத்துக்கு 8,500 அடி வீதம் விமானம் கீழே இறங்கியதாக இந்திய விமானப் போக்குவரத்து அதிகாரிகள் பின்னர் தெரிவித்தார்கள். விமானிகள் இருவரும் கையாலேயே ஓட்டி வெளியே கொண்டு வந்து, ஸ்ரீநகரில் பத்திரமாக இறக்கினார்கள். இறங்கிய பிறகு பார்த்தால் விமானத்தின் மூக்கு நசுங்கி உடைந்திருந்தது. உள்ளிருந்தவர்களில் ஒருவருக்கும் காயமில்லை. இவ்விருவரையும் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் விலகுவதற்கு வழி கிடைத்திருந்தால் பாராட்டுக்கே அவசியம் நேர்ந்திராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குலுக்கலில் இறக்கை ஒடிந்து போகாதா என்று பலர் நம்மைக் கேட்டதுண்டு. 1995 ஜனவரியில் போயிங் கம்பெனியார் தங்கள் 777 விமானத்தின் இறக்கைகளை வேண்டுமென்றே வளைத்து ஒடித்துப் பார்த்தார்கள். உபயோகத்தில் நேரக்கூடிய மிகப் பெரிய பாரத்தைப்போல் ஒன்றரை மடங்கையும் தாண்டி, நுனிகள் 24 அடி மேலே வளைந்த பிறகே அவை முறிந்தன. மூங்கிலைப் போல வளைவதற்கென்றே செய்தவை அவை. ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது ஆடவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும். மின்னல்? ஒரு பிரயாணி விமானத்தின் மேல் சராசரியாக வருஷத்துக்கு ஒரு முறை மின்னல் விழத்தான் செய்கிறது. வெளித்தோலின் வழியாகவே ஓடி மறுபுறம் போய் விடுகிறது. 1963 டிசம்பரில் ஒரு விமானத்தின் எண்ணெய் ஆவி மின்னலால் தீப்பிடித்து 81 பேர் இறந்த பிறகு தக்க பாதுகாப்புகள் ஏற்பட்டன.

இவ்வளவும் மேகத்தின் விஷயம். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மேகம் நல்ல யானை, மணி கட்டிக் கொண்டு வருகிறது. மணியே கட்டாத யானை ஒன்று உண்டு. தெளிந்த நீல வானத்தில், ஒரு துளி மேகமில்லாத இடத்தில், திடீரென்று காற்று கொந்தளிக்கும். மலைகளைத் தாண்டி வரும் பலத்த காற்று, பாறையைத் தாண்டிய ஆற்று நீரைப் போல மறுபுறம் சுழித்து அலை அலையாக எழும்பும். உயரத்தில் நதியைப் போல ஓடும் வேகக் காற்றின் ஓரங்களிலும் இது நேரும். மழைத்துளி இல்லாத காரணத்தால் ராடாரின் கண்ணில் இது படாது. 1966 மார்ச் 5-ந் தேதி டோக்கியோவிலிருந்து ஹாங்காங்குக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் விமானம், நல்ல வெளிச்சமான நாளில் ஃபுஜி மலைக்கருகே போயிற்று. மலையின் மறைவிலிருந்த காற்று அதைத் துண்டு துண்டாக்கி விட்டது. 124 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தேடப் போன அமெரிக்க ராணுவ விமானம் ஒன்றையே அங்கிருந்த காற்று பயங்கரமாக உலுக்கிற்று.

இத்தகைய கொந்தளிப்பு அதிகரித்தும் வருகிறது. வட அட்லாண்டிக் மார்க்கத்தில் ஒரு சாதாரண இடத்தில் 1979-ல் வருஷத்துக்கு 17.7 மணி நேரம் கடுமையான கொந்தளிப்பு இருந்தது. 2020-ல் அது 27.4 மணி ஆகியிருந்ததென்று இங்கிலாந்திலுள்ள ரீடிங் சர்வகலாசாலையார் 2023-ல் கணக்கிட்டார்கள். பூமி சூடேறுவதே காரணம் என்கிறார்கள். விமானிகளுக்கு இதற்குள்ள ஆயுதம் ஒன்றுதான்: ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்வது. முன்னே போகிறவர், "இந்த உயரத்தில் குலுக்கல்" என்று தெரிவிக்கிறார். பின்னே வருகிறவர் உயரத்தை மாற்றிக் கொள்கிறார். மாட்டு வண்டிப் பாதையில் எதிரே வருகிற வண்டிக்காரரிடம் பள்ளம் மேடு விசாரிப்பது போலத்தான்.

கடைசியாக ஒரு சம்பவம். 2024 மே 21-ந் தேதி லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு 211 பிரயாணிகளோடும் 18 சிப்பந்திகளோடும் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், பர்மாவில் ஐராவதி நதிப் பிரதேசத்துக்கு மேலே 37,000 அடியில் சென்றது. இடிமேகங்கள் உருவாகிக் கொண்டிருந்த பிரதேசம் அது. காலை ஆகாரம் பரிமாறிக் கொண்டிருந்தார்கள். விமானம் இலேசாக அதிரத் தொடங்கியது. பெல்ட் கட்டிக் கொள்ளும் விளக்கை விமானிகள் ஏற்றினார்கள். எட்டு விநாடி சென்றது. அப்புறம் ஒரு விநாடியில் முக்கால் பங்குக்கும் குறைவான நேரத்தில் விமானம் கீழே அமுங்கியது. பெல்ட் கட்டாதவர்கள் எழும்பிக் கூரையில் மோதினார்கள். அடுத்த நாலு விநாடியில் காற்று மறுபடி மேலே தூக்கியது. மோதியவர்கள் கீழே விழுந்தார்கள். 73 வயதான பிரயாணி ஒருவர் இறந்தார். பலருக்குக் கழுத்திலும் முதுகிலும் பலத்த காயம்.

விமானம் ஆறாயிரம் அடி விழுந்தது என்று பத்திரிகைகள் எழுதின. விசாரணை அதிகாரிகள் கருவிகளிலிருந்து எடுத்த கணக்கு 178 அடிதான். ஆறாயிரம் அடி என்பது, பாங்காக்கில் இறங்குவதற்காகப் பின்னால் விமானிகளே நிதானமாக இறக்கிய தூரம். 21 விநாடி அவர்கள் கையால் ஓட்டி நிலைப்படுத்தினார்கள். பிறகு கருவியிடம் ஒப்படைத்துவிட்டு, ஆஸ்பத்திரி வசதியுள்ள நகரத்தை நோக்கித் திரும்பினார்கள். விமானம் முறியவில்லை, முறிந்தவை பெல்ட்டுக்கு வெளியே இருந்த எலும்புகள். அமெரிக்காவில் 2009 முதல் 2022 வரை குலுக்கலால் பலத்த காயமடைந்தவர் 163 பேர் என்று அந்நாட்டு விமான இலாகா கணக்கெடுத்தபோது, அவர்களில் 129 பேர் விமானச் சிப்பந்திகள். நமக்குக் காப்பி கொண்டு வருவதற்காக நின்று கொண்டிருக்கிறவர்கள் அவர்கள்தான்.

அந்த விபத்துக்குப் பிறகு சிங்கப்பூர் கம்பெனியார் ஒரு விதியை மாற்றினார்கள். பெல்ட் விளக்கு எரிந்தால் சூடான பானங்கள் கிடையாது என்று முன்பே இருந்தது. இனிமேல் சாப்பாடும் கிடையாது, சிப்பந்திகளும் தங்கள் ஆசனத்தில் உட்கார்ந்து பெல்ட்டைக் கட்டிக் கொள்ள வேண்டும் என்று ஆக்கினார்கள். பாதிச் சாப்பாட்டில் பரிமாறுவது நின்று போனதென்று சில பிரயாணிகளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கலாம்.